நடுப்புள்ளி

ஜனவரி 20

பொங்கல் லீவு முடிந்து இன்று வண்டி எடுத்தேன். ஒரு வாரம் நின்றதில் பேட்டரி சண்டித்தனம் செய்தது. மற்ற டிரைவர்கள் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். டிரான்ஸ்போர்ட் மேனேஜர் சிவானந்தம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவருடைய மச்சினன் ஒருத்தன் டிரைவர் பேட்ஜ் வாங்கிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். என்னுடைய ஆறாம் நம்பர் ஸ்கூல் வேனை அவனுக்குத் தாரை வார்க்க இந்த ஆள் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியாதா என்ன!

இந்த நோட்டு ஜெயசீலி டீச்சர் சொல்லி வாங்கியது. அவர் தாராபுரத்தில் அறிவியல் டீச்சர். எங்கள் சூரியப்புள்ளிக் குழுவை நடத்துகிறவர். குழுவில் ஒன்பது பேர், ஆளுக்கொரு ஊர். தினமும் தொலைநோக்கியின் வாயில் சோலார் ஃபில்டரை மாட்டி, சூரியன் மேல் எங்கெங்கே கரும்புள்ளி இருக்கிறது என்று பார்த்து, ஜெராக்ஸ் எடுத்த வட்டத்துக்குள் வரைந்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். தன்னுடையதைப் போடுகிற வரைக்கும் அடுத்தவர் படத்தைப் பார்க்கக் கூடாது. விண்கலம் எடுத்த படத்தையும் பார்க்கக் கூடாது. கண்டதை வரை, வரைந்ததைப் போடு, அவ்வளவுதான்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் பள்ளி விடும் வரை எனக்கு வேலை இல்லை. மற்ற டிரைவர்கள் வேப்பமரத்தடியில் சீட்டாடுவார்கள். நான் வீட்டு மொட்டைமாடிக்கு வந்துவிடுவேன். விடியுமுன் எழுந்து வண்டி எடுக்கிறவன் ராத்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அவனுக்குச் சூரியனை விட்டால் வேறு நட்சத்திரம் ஏது?

வானம் எப்படி, காற்று எப்படி என்று மட்டும் குறிக்கச் சொன்னார் டீச்சர். நான் கொஞ்சம் கூடவே எழுதிக்கொள்கிறேன். மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொன்னால் என் மனைவி ருக்குமணி, "எதைத் தொட்டாலும் உங்களுக்குச் சந்தேகந்தான்" என்று எழுந்து போய்விடுகிறாள். நோட்டு எழுந்து போகாது.

வானம் தெளிவு. எனக்கு லேசாக மூச்சிரைப்பு, வீசிங்.

ஜனவரி 24

சூரியனின் நட்டநடுவில் புதிதாக ஒன்று!

வழக்கம்போல் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணை லென்ஸில் வைத்தேன். ஓரத்தில் நேற்றுப் பார்த்த புள்ளிக்கூட்டம் இருந்தது. நடுவிலோ வட்டமாக, மங்கலாக, புகை படிந்த மாதிரி ஒரு கறை. சூரியப்புள்ளி என்றால் மை வைத்தது போல் கறுப்பாக இருக்கும். இது அப்படி இல்லை. அளவோ பயங்கரம். சாதாரணப் புள்ளிக்குள்ளேயே நம் பூமியைத் தூக்கிப் போட்டுவிடலாம். இதற்குள் இருபது பூமியை வரிசையாக அடுக்கலாம் போலிருக்கிறது.

உடனே குதித்துவிடவில்லை. எங்கள் குழுவில் மூன்று கேள்வி உண்டு: காகிதமா, லென்ஸா, வானமா? கரூர் பாஸ்கரன் ஒரு வாரம் முழுக்க ஒரே இடத்தில் ஒரு புள்ளியை வரைந்து போட்டு, கடைசியில் அது ஜெராக்ஸ் மெஷின் வைத்த பொட்டு என்று தெரிந்த கதை எல்லோருக்கும் தெரியும். அப்படித் தெரிந்தால் குழுவில் 'திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதி, காரணமும் எழுத வேண்டும். எழுதிவிட்டால் யாரும் கேலி செய்யக் கூடாது. அதுவும் சட்டம்.

காகிதம் இல்லை, லென்ஸ் வழியாகவே தெரிகிறது. பின்பக்க லென்ஸைத் திருகிப் பார்த்தேன். தூசியாக இருந்தால் கூடவே சுற்றும். இது சுற்றவில்லை. மேகமா, பட்டத்து வாலா என்று கீழே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே இருக்கிறது. மூன்று கேள்வியும் முடிந்தது. அப்படியென்றால் அது சூரியனில்தான் இருக்கிறது.

வரைந்தேன், போட்டேன்.

ஜனவரி 25

மற்ற எட்டுப் பேர் படத்திலும் அது இல்லை. எட்டுப் பேருக்குமா தெரியாமல் போகும்?

ஜனவரி 28

இன்னும் நடுவிலேயே நிற்கிறது. இது சாதாரண விஷயம் இல்லை. சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. அதன் மேல் இருக்கும் எந்தப் புள்ளியும் இரண்டு வாரத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய் மறைந்தே ஆக வேண்டும். இதுவோ ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. சூரியனோடு சுற்றாத புள்ளி ஒன்றை யாராவது எங்காவது பார்த்திருக்கிறார்களா? தேடிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் இல்லை.

தொலைநோக்கியை நகர்த்தினால் அதுவும் கொஞ்சம் நகர்கிற மாதிரி இருக்கிறது. ஸ்டாண்டின் ஆட்டமாக இருக்கும்.

குழுவில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டார். பார்த்துவிட்டும் பார்க்காதது போல் இருக்கிறார்களோ? பெரிய இடத்துக்கு முதலில் யார் எழுதிப் போடுவது என்று உள்ளுக்குள் பேசிக்கொள்கிறார்களோ? ஒரு வேன் டிரைவர் கண்டுபிடித்தான் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்.

பிப்ரவரி 1

மெடிக்கல் கடைத் தம்பி கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரைதான் வீசிங்குக்குக் கேட்கிறது. டிசம்பரிலிருந்து ஓடுகிறது. தூக்கம்தான் சரியில்லை.

மத்தியானம் ஒருக்களித்துப் படுத்திருந்தபோது, வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டிய புது ஜன்னலைப் பார்த்தேன். கம்பிகள் எல்லாம் நடுவில் இடுப்பொடிந்தது போல் வளைந்திருக்கின்றன. பட்டறைக்காரனைப் போன் போட்டு வரவழைத்து நன்றாகக் கேட்டுவிட்டேன். அவன் நூல் பிடித்துக் காட்டினான். "எங்கீங்ணா வளைஞ்சிருக்குது? நீங்களே பாருங்" என்றான். ருக்குமணியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு நேராகத்தான் இருக்கிறது என்றாள். நூலையே வளைத்துப் பிடிக்கிறவனிடம் என்ன பேசுவது.

பிப்ரவரி 5

மாராத்தாள் இடம் மாறிவிட்டாள். அவள் என் வேனில் ஆயா. ஆறு வருடமாகக் கடைசி சீட்டில் உட்கார்ந்து குட்டிப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதுதான் அவள் வழக்கம். இந்த வாரம் முழுக்க எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து குந்திக்கொண்டு கண்ணாடி வழியாக ரோட்டையே பார்க்கிறாள்.

"ஸ்பீடு பிரேக்கருங்ணா."

"தெரியுது."

"இக்கட்டால, இந்தப் பக்கமா ஒரு சைக்கிளு வருதுங்."

"மாராத்தா, வண்டிய நீ ஓட்டறயா நான் ஓட்டறனா?"

சிரித்து மழுப்புகிறாள். இது சும்மா இல்லை. முந்தாநாள் பள்ளி கேட் தூணில் வண்டி லேசாக உரசியது. அந்தத் தூணைப் போன மாதம் நகர்த்திக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சிவானந்தம் இவளைக் கூப்பிட்டு என்னவோ பேசினார். நான் போனதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு கேட்டால், "ஒண்ணுமில்லீங்ணா, பீசு கட்டாத புள்ளைங்களப் பத்தி" என்கிறாள். என்னை வேவு பார்க்க ஆள் வைத்தாகிவிட்டது. ஆறு வருடப் பழக்கம் என்ற எண்ணம்கூட இல்லை.

பிப்ரவரி 9

இன்று குழுவின் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மூன்று நாளாக எட்டுப் பேரும் சூரியனின் நடுவுக்குப் பக்கத்தில் பொடிப் பொடியாக ஒரு ஜோடிப் புள்ளி வரைகிறார்கள். அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன்! இருப்பதை விட்டுவிட்டு இல்லாததை வரைந்தால் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாமல் தனியாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். 'நாச்சிமுத்து அடுத்தவன் படத்தைப் பார்த்து வரைகிறானா, நூல் விட்டுப் பார்ப்போம்' என்று பேசி வைத்துப் போடுகிறார்கள். பார்த்து வரைகிற ஆள் நான் இல்லை. என் படத்தில் அந்த ஜோடி வராது.

சாயங்காலம் ஜெயசீலி டீச்சர் தனியாக ஒரு குரல்பதிவு அனுப்பினார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. காகிதம், லென்ஸ், வானம் மூணும் பார்த்துட்டதா எழுதியிருந்தீங்க. ஒரே ஒரு தடவை இடது கண்ணால பார்த்துட்டுச் சொல்லுங்களேன். ஒரு நிமிஷ வேலைதான்."

என்ன திமிர்! பத்து வருடமாக வலது கண்ணால் பார்க்கிறவன் நான். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்.

பிப்ரவரி 10

மேகம். அதனால் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11

மேகம் இல்லை. வண்டி சர்வீஸ்.

பிப்ரவரி 13

இடது கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தல். அந்தக் கண்ணால் பார்ப்பது நல்லதில்லை.

பிப்ரவரி 19

நாட்டில் எல்லோரும் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போன டிசம்பர் கடைசியில் கண்டுபிடித்த விண்கல். இன்னும் ஏழு வருடத்தில் பூமி மேல் மோத நூற்றுக்கு மூன்று வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது. ஒரு பெரிய கட்டடம் அளவு கல். கோடிக்கணக்கான மைல் தள்ளி, வெறும் ஒளிப்பொட்டாகத் தெரிந்ததை வைத்து அதன் பாதையைக் கணக்குப் போடுகிறார்கள். மனுசன் லேசுப்பட்டவன் இல்லை!

வேனில் பிள்ளைகள் ஒரே சத்தம். ஒன்றாம் வகுப்பு தர்ஷிகா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அங்கிள், அந்தக் கல்லு நம்ம ஸ்கூல் மேல உழுந்தா லீவு உடுவாங்களா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். முகம் சரியாகத் தெரியவில்லை, எதிர்வெயில்.

ராத்திரிச் சோறு போடும்போது ருக்குமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எதுக்குத் தலையச் சாச்சுச் சாச்சுப் பாக்கறீங்க? கோழி பாக்கற மாதிரி?"

"கழுத்து வலி."

"ஆசுபத்திரிக்கு ஒரெட்டுப் போயிட்டு வந்தா என்ன? அன்னைக்கே சொன்னேன், சூரியனப் பாத்தா கண்ணு போயிரும்னு."

சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். பத்து வருடமாக இவளிடமும் இந்த ஊரிடமும் நான் போடுகிற சண்டையே இதுதான். சரியான ஃபில்டர் போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகாது, ஆகாது, ஆகாது. ஒரு பேச்சுக்கு எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள்வோம். வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? "பாத்தியா, சூரியனப் பாத்துக் குருடாயிட்டான்" என்பார்கள். அறிவியல் தினத்துக்குப் பிள்ளைகளுக்குச் சூரியன் காட்டுவதை அன்றோடு நிறுத்திவிடுவார்கள். வேனும் மச்சினனுக்குப் போய்விடும். ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 21

நாளை பள்ளியில் எல்லா டிரைவர்களுக்கும் கண் பரிசோதனை முகாமாம். வழக்கமாக மே மாதம் ஆர்.டி.ஓ. வண்டிகளைப் பார்க்கும்போதுதான் நடக்கும். இந்த வருடம் மட்டும் ஏன் பிப்ரவரியில்? யாருக்காக? இருபத்திரண்டு டிரைவர்களில் சிவானந்தம் என் முகத்தைப் பார்த்துத்தான் அறிவித்தார்.

பிப்ரவரி 22

பாஸ்!

வானம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தை உண்டு. மங்கலான விண்மீன் கூட்டத்தை நேராகப் பார்த்தால் தெரியாது. பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வைத்தால் பளிச்சென்று வரும். ஓரக்கண் பார்வை என்போம். இடது கண்ணில் ஒரு தகராறும் இல்லை, கடைசி வரி வரை படித்தேன். இடதை மூடிக்கொண்டு வலதால் படிக்கச் சொன்னபோது, எழுத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிப் பார்த்தேன். நாலு வரி வந்துவிட்டது. மிச்சம்? முன்னால் இருந்த பதினாலு பேர் சத்தமாகப் படித்ததை நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். எழுதிக்கொண்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ரோட்டிலும் இப்போது அந்த வித்தையைத்தான் வைத்திருக்கிறேன். மற்ற டிரைவர்களுக்கு இது வராது.

சர்டிபிகேட்டை சிவானந்தத்தின் மேஜை மேல் வைத்தேன். மாராத்தாள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. படமாட்டாளே.

பிப்ரவரி 26

அந்தக் கல் மோதாதாம். இன்னும் பல ராத்திரி பார்த்து, திரும்பக் கணக்குப் போட்டு, வாய்ப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் உலகத்தையே கலக்கியவர்கள் இந்த வாரம் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தருக்கும் வெட்கம் இல்லை. அவர்களுக்கு அதுதான் வேலையே போலிருக்கிறது.

பிப்ரவரி 28

அறிவியல் தினம். மைதானத்தில் தொலைநோக்கியை வைத்து நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரியன் காட்டினேன். ஒவ்வொருத்தரிடமும், "நடுவில் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அங்கிள்."

"நல்லாப் பாரு. புகை மாதிரி?"

"இல்ல அங்கிள். கீழாண்டதான் எறும்பு மாதிரி மூணு புள்ளி இருக்குது."

எழுபது பிள்ளைகளும் அதே எறும்பு, அதே மூன்று. நான் பார்த்தால் எறும்பு இல்லை, புகைதான் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போதே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறார்கள். முதல் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மார்ச் 7

இன்று எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 8

சனிக்கிழமை. எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் வாய்க்கால் பாலத்து ஸ்டாப். தர்ஷிகா இறங்கும் இடம். தினமும் பாலம் தாண்டி இடது ஓரமாக நிறுத்துவேன். நேற்றும் அப்படித்தான் நிறுத்தினேன். மண் கரை இன்னும் இரண்டடி இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரிந்தது. மாராத்தாள் கதவைத் திறந்தாள். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு காலை வெளியே வைத்தாள்.

மாராத்தாள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

படிக்குக் கீழே கரை இல்லை. தண்ணீர். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், இரு கரையும் முட்ட ஓடியது. பிள்ளையின் ஸ்கூல் பைப் பட்டியை மாராத்தாள் ஒரு கையால் பிடித்திருந்தாள். பிள்ளை அதில் தொங்கியது. ஒரு செருப்பு மட்டும் தண்ணீரில் போய்விட்டது. உள்ளே இழுத்துப் போட்ட பிறகு தர்ஷிகா அழக்கூட இல்லை. "அங்கிள், என்ற செருப்பு" என்றாள்.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளையும் விட்டபிறகு மாராத்தாள், "வண்டிய ஓரங்கட்டுங்ணா" என்றாள். கட்டினேன்.

"இப்பப் போயி அந்த ஆள்கிட்டச் சொல்லப் போற. அதானே? போய்ச் சொல்லு" என்றேன். பயத்தில் இருக்கும்போதும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்றதா இருந்தா எப்பவோ சொல்லியிருப்பனுங்ணா. கேட்டுத் தூண இடிச்சப்ப, தண்ணி லாரி இடிச்சுதுன்னு மேனேஜர்கிட்டச் சொன்னது ஆரு? நாந்தானுங். மில்லு ஸ்டாப்புல ஒரு பையன் நடுரோட்டுல நின்னது தெரியாம நீங்க நேரா வண்டிய உட்டீங்களே, அன்னைக்கிருந்துதான் நான் முன்னால வந்து குந்துனேன். உங்களுக்குக் கண்ணா இருக்கலாமுன்னு. என்னால முடீலீங்ணா. இன்னைக்கு ஒரு விரலு வழுக்கியிருந்தா?"

நான் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

"திங்கக்கெழம நீங்களாச் சொல்லோணும். இல்லாட்டி நான் சொல்லீருவேன். அதுக்கப்பறம் என்மேல கோபிச்சுக்குங்க, பரவால்ல" என்று இறங்கிப் போய்விட்டாள்.

ராத்திரி முழுக்க அவள் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை.

இன்று பத்து மணிக்கு மாடிக்குப் போனேன். வானம் தெளிவு, காற்று இல்லை. சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. வலது கண்: நடுவில் புகை. கண்ணை எடுத்தேன். மொட்டைமாடிச் சுவரைப் பார்த்தேன். இடதை மூடினால் சுவரிலும் அதே புகை. வெள்ளை வேட்டியில் அதே புகை. என் உள்ளங்கையில் அதே புகை. இத்தனை நாளும் இது எனக்குத் தெரியாமல் இருந்ததா? இல்லை. சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான்.

இடது கண்ணை லென்ஸில் வைத்தேன்.

சூரியன் சுத்தமாக இருந்தது. நடுவில் கறையும் இல்லை, புகையும் இல்லை. ஓரத்தில் அடங்கிப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் பொடிப் பொடியாக, ஊசிமுனை அளவில், நான் ஒரு மாதமாகப் பார்க்காத புள்ளிகள். எல்லோரும் வரைந்தது போலவே. யாரும் எனக்குத் தெரியாமல் குழு வைக்கவில்லை.

பைத்தியக்காரன் மாதிரி அழுதேன். பயமாக இருந்தது. புள்ளிகள் அழகாகவும் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்துத்தான் அழுதேன்.

மார்ச் 9

ருக்குமணியிடம் சொன்னேன். "அப்பவே சொன்னேன்" என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. "கேம்ப்புல எப்படிப் பாசானீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதையும் சொன்னேன். பிறகு, "அந்தப் புள்ளைக்கு ஒரு செருப்பு வாங்கோணும்" என்று பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மார்ச் 10

காலையில் ஷெட்டுக்கு நேரத்திலேயே போய்விட்டேன். மாராத்தாள் வேன் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் நேராக சிவானந்தத்திடம் போய்ச் சாவியை மேஜை மேல் வைத்தேன்.

"என்ன நாச்சிமுத்து, லீவா?"

"வலது கண்ணு சரியாத் தெரியலீங்க சார். நான் வண்டி ஓட்டக் கூடாது."

"கேம்ப்புல பாஸ்னு சர்டிபிகேட் வாங்கியிருக்கறயேப்பா?"

"ஏமாத்துனேங்க. ஓரக்கண்ணால பாத்தேன். பாக்க முடியாதத முன்னால இருந்தவங்க படிச்சதக் கேட்டுச் சொன்னேன். வெள்ளிக்கிழம வாய்க்காப் பாலத்துல ஒரு புள்ள தண்ணிக்குள்ள உழுகப் பாத்துது. மாராத்தா இல்லீன்னா போயிருக்கும். தூண இடிச்சதும் நாந்தானுங்க. தண்ணி லாரி இல்ல."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமாப் புள்ளைங்கள வெச்சு ஓட்டியிருக்கறயே" என்றார், மெதுவாக. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு போனை எடுத்தார். பத்தே நிமிடத்தில் மச்சினன் வந்து நின்றான், யூனிபார்ம் போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு. பத்து நிமிடத்தில் யாராவது யூனிபார்ம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வர முடியுமா? இதில் மட்டும் என் கணக்கு தப்பவில்லை.

வேன் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தூணில் உரசாமல் போனான்.

மார்ச் 13

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. மருந்து ஊற்றி, படம் எடுத்து, பாதி நாள் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "சூரியனை நேராப் பார்த்தீங்களா?" ருக்குமணி என்னைப் பார்த்தாள். பையிலிருந்து ஃபில்டரை எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு. சூரியன் சுட்டது இப்படி இருக்காது. இது விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கு. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

வெள்ளை மாத்திரை அட்டையைக் காட்டினேன். அதைப் பார்த்ததும்தான் அவர் கோபப்பட்டார். அது ஸ்டீராய்டாம். டாக்டர் எழுதாமல் மூன்று மாதம் அதை யார் சாப்பிடச் சொன்னது என்றார். மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும், வீசிங்குக்கு முறையாக வைத்தியம் பார்க்க வேண்டும், தூங்க வேண்டும், மனதைப் போட்டு உழப்பக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் தண்ணீர் வற்றலாம். முழுசாகச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது. அதுவரை ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது.

பஸ்ஸில் வரும்போது ருக்குமணி, "அப்ப சூரியன் இல்ல" என்றாள்.

"இல்ல."

"மெடிக்கல்காரனுக்கு இருக்குது இன்னைக்கு" என்றாள். மனதைப் போட்டு உழப்பக் கூடாது என்று எனக்குத்தான் சொன்னார்கள், அவளுக்கு இல்லை.

மார்ச் 14

குழுவில் எழுதிப் போட்டேன். நாலு தடவை அழித்து அழித்து எழுதியது:

'ஜனவரி 24 முதல் நான் வரைந்துவந்த நடுப்புள்ளியைத் திரும்பப் பெறுகிறேன். காகிதம் இல்லை. லென்ஸ் இல்லை. வானம் இல்லை. காரணம், என் வலது கண். ஜெயசீலி டீச்சர் சொன்ன அன்றே இடது கண்ணால் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு மாதம் நான் பார்க்கவில்லை. உங்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். பிள்ளைகள் இருக்கும் வண்டியையும் ஓட்டினேன். அதைத் திரும்பப் பெற வழியில்லை.'

யாரும் கேலி செய்யவில்லை. கரூர் பாஸ்கரன், 'என் ஜெராக்ஸ் பொட்டுக்கு இப்போதுதான் ஒரு துணை கிடைத்தது' என்று எழுதினார். டீச்சர் குழுவின் முகப்பில் இருந்த மூன்று கேள்வியோடு நாலாவதாக ஒன்றைச் சேர்த்துவிட்டார்: கண்ணா?

ஏப்ரல் 6

ஞாயிறு. மாராத்தாள் வீட்டுக்கு வந்தாள். எதற்கு வந்திருக்கிறாள், சிவானந்தம் எதையாவது கேட்டுவரச் சொல்லி அனுப்பினாரா என்றுதான் முதலில் தோன்றியது. இந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது.

"புது டிரைவரு எப்படி?"

"நல்லாத்தான் ஓட்டறானுங். நான் கடைசி சீட்டுக்கே போயிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆறு வருசமா சூரியன், சூரியன்னு சொல்றீங்களே, ஒரு நாளாவது எனக்குக் காட்டுனீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

அதற்காகத்தான் வந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மாடிக்கு அழைத்துப் போனேன். ஃபில்டரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மாட்டினேன். எந்தக் கண்ணை எப்படி வைப்பது என்று சொன்னேன். வைத்ததும், "அய்யோ" என்றாள். முட்டையின் மஞ்சள் மாதிரி இருக்கிறது என்றாள். நான் வட்டத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மேலாண்ட ரெண்டு. பெருசு ஒண்ணு, அதும் பின்னால சின்னது ஒண்ணு. இக்கட்டால ஓரத்துல ஒரு கொத்து, ஆறு இருக்குமுங், இல்ல, ஏழு."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்லீங்ணா. சுத்தமா இருக்குது."

அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். அடியில் 'பார்த்தவர்: மாராத்தாள். வரைந்தவர்: நாச்சிமுத்து' என்று எழுதிக் குழுவில் போட்டேன். என் இடது கண் நன்றாகத்தான் இருக்கிறது. வானமும் தெளிவாகத்தான் இருந்தது.

நான் சரிபார்க்கவில்லை.